காற்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்: ஒரு சிறு காற்றாலையைக் கட்டிச் சோதித்த அனுபவம்

நான் முதலில் கட்டிய காற்றாலை ஏழு வாரங்கள் வீட்டுக் கூரைமேல் சுழன்றுகொண்டிருந்தது. பார்த்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த ஏழு வாரங்களில் அது பேட்டரிக்குள் எந்த மின்னோட்டத்தையும் செலுத்தவில்லை. இப்போது 1.8 மீட்டர் விட்டமுள்ள இரண்டாவது இயந்திரம், 12 மீட்டர் உயரக் கம்பத்தின்மீது இரண்டாம் ஆண்டாக வேலை செய்துவருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வேர்விட்டவை. காற்றை அளந்து, அந்தக் காற்றுக்கு ஏற்ற இறக்கையைத் தீர்மானித்து, அந்த இறக்கையின் சுழற்சிக்கு ஏற்ற ஜெனரேட்டரை அமைப்பதற்குப் பதிலாக, கையில் கிடைத்த ஒரு மோட்டாரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன்.

அந்த மோட்டார் ஒரு பழைய மின் ஸ்கூட்டரிலிருந்து கழற்றியது. அதன் தகட்டில் 24 வோல்ட், 250 வாட், நிமிடத்துக்கு 2,650 சுற்று என்று பொறித்திருந்தது. நிலைக்காந்தம் பொருத்திய நேர்மின் மோட்டாரின் அச்சைச் சுழற்றினால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தகட்டில் இருந்த மிக முக்கியமான செய்தியை நான் படிக்கத் தவறினேன். 24 வோல்ட்டில் 2,650 சுற்று என்றால், ஒரு வோல்ட்டைப் பெற ஏறத்தாழ 110 சுற்று வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரம் நுழைய, பேட்டரியின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடில் இழக்கும் பங்கையும் சேர்த்துக் குறைந்தது 13 வோல்ட்டாவது வேண்டும். அதற்கு அச்சு நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். பிளாஸ்டிக் குழாயை அறுத்து நான் செய்த 1.2 மீட்டர் விட்ட இறக்கைகளோ, நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 400 சுற்றை எட்டுவதே அரிதாக இருந்தது. அதாவது மூன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். அதைப் போடாமல் ஏழு வாரங்கள் காற்று வலுக்கும் என்று காத்திருந்தேன்.

எனவே இந்த வேலையில் இறங்குவோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான். ஏதேனும் ஒரு மோட்டாரை ஜெனரேட்டராகப் பயன்படுத்த எண்ணினால், அதை வாங்குவதற்கு முன்பே தகட்டில் உள்ள சுற்று எண்ணிக்கையை மின்னழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு 25 சுற்றுக்கு மேல் கேட்கும் மோட்டார், இறக்கையை நேரடியாக அச்சில் பொருத்தும் சிறு காற்றாலைக்குப் பெரும்பாலும் பயன்படாது. பல்சக்கரமோ பட்டையோ வைத்து வேகத்தைக் கூட்டலாம் என்று தோன்றும்; நானும் முயன்றேன். மெல்லிய காற்றில் கிடைக்கும் சொற்ப ஆற்றலை அந்த உராய்வே விழுங்கிவிடுகிறது.

தோல்விக்கு இரண்டாவது காரணம் காற்றே. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது: வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோகிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் 17 வாட்டுக்குக் கீழேதான் ஆற்றல் இருக்கிறது. 6 மீட்டரில் அது 132 வாட்டாகிறது. 10 மீட்டரில் 600 வாட்டைத் தாண்டிவிடுகிறது. இதிலும் முழுவதையும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. காற்றை முற்றிலும் நிறுத்திவிட்டால் அடுத்த காற்று வர வழியிருக்காது என்பதால், எவ்வளவு சிறந்த இறக்கையாலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே நிறுவிவிட்டார். கையால் செதுக்கிய இறக்கையும் கையால் சுற்றிய சுருளும் சேர்ந்து 25 விழுக்காட்டை மின்சாரமாக்கினால் அதை நல்ல வேலை என்றே நான் மதிப்பேன்.

காற்று வேகத்தை உடலால் உணர்ந்து மதிப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, கிண்ண வகைக் காற்றுவேகமானி ஒன்றைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்யும் சிறு மின்சுற்று ஒன்றையும் அமைத்தேன். காற்றில்லாத அதிகாலையில், நேரான வெற்றுச் சாலையில், வண்டிக்கு மேல் உயரமாகத் தூக்கிக் கட்டி, மணிக்கு 36 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டியபோது அது நொடிக்கு 10 மீட்டர் காட்ட வேண்டும், என்னுடையது 9.3 காட்டியது. அந்தத் திருத்தத்தைச் சேர்த்த பிறகே அளவீட்டைத் தொடங்கினேன். மூன்று மாதப் பதிவில் கூரைமேல் கிடைத்த சராசரி நொடிக்கு 3.1 மீட்டர். வீட்டிலிருந்து தள்ளி, திறந்த நிலத்தில் 12 மீட்டர் உயரத்தில் அடுத்த மூன்று மாதம் அளந்தபோது 4.6 மீட்டர் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு மாதங்கள் என்பதால் இந்த ஒப்பீடு முழுமையானதல்ல; ஆனாலும் இவ்விரு எண்களையும் மும்மடி பெருக்கி ஒப்பிட்டால் வேறுபாடு மூன்று மடங்குக்கும் மேல். இறக்கையை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் இந்த மூன்று மடங்கு கிடைக்காது.

சராசரி எண்ணும் தனியாக நின்றால் ஏமாற்றும். நாள் முழுவதும் ஒரே சீராக 4.6 மீட்டரில் வீசும் காற்றும், பாதி நேரம் ஓய்ந்து பாதி நேரம் 9 மீட்டரில் வீசும் காற்றும் சராசரியில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆற்றலில் பின்னது நான்கு மடங்கு. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பிரித்தறிந்த மொழியில் வளர்ந்திருந்தும், நான் திசையைப் பதிவுசெய்யாமல் விட்டது பெரிய குறை. பின்னர் திசையையும் சேர்த்துப் பார்த்தபோது, வலுவான காற்றில் பெரும்பங்கு வருகிற திசையில்தான் உயர்ந்த மரவரிசை நின்றது. தடையொன்றின் பின்னால் அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு தொலைவுவரை காற்று கலங்கியே ஓடுகிறது. மேலேயும் அதன் உயரத்தைப்போல் இருமடங்குவரை அந்தக் கலக்கம் எழும்புகிறது. இதைக் கண்ணால் காண எளிய வழி உண்டு. ஒரு பட்டத்தின் நூலில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக நீண்ட துணி நாடாக்களைக் கட்டிப் பறக்கவிடுங்கள். கீழே உள்ள நாடாக்கள் துடித்துச் சுழலும். ஓர் உயரத்துக்கு மேல் அவை அமைதியாக ஒரே பக்கம் நீளும். கம்பம் அந்த உயரத்தை எட்ட வேண்டும். 150 மீட்டர் தொலைவுக்குள் உள்ள எல்லாத் தடைகளையும்விட இறக்கையின் கீழ்முனை 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. நான் அதை முழுமையாக நிறைவேற்றவில்லை. அதன் விலையை அந்த மரவரிசைத் திசையிலிருந்து காற்று வரும் ஒவ்வொரு நாளும் பதிவில் பார்க்கிறேன்.

இந்த அளவீடுகள் கையில் இருந்தபோதுதான் இரண்டாவது இயந்திரத்தைக் காகிதத்தில் வரையத் தொடங்கினேன். 1.8 மீட்டர் விட்டத்தில் இறக்கை வீசும் பரப்பு 2.54 சதுர மீட்டர். இறக்கை முனையின் வேகம் காற்று வேகத்தைப்போல் ஆறு மடங்காக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 சுற்றுச் சுழலும். அந்த 190 சுற்றில் பேட்டரிக்குள் மின்சாரம் நுழையத் தொடங்க வேண்டும். இதற்கு விற்பனையில் கிடைக்கும் மோட்டார் எதுவும் பொருந்தாததால், இரண்டு எஃகுத் தட்டுகளில் நியோடிமியம் காந்தங்களை ஒட்டி, அவற்றுக்கிடையே தாமிரச் சுருள்களைப் பிசினில் வார்த்து நிறுத்தும் தட்டை வடிவ ஜெனரேட்டரைத் தேர்ந்தேன். இதில் சுருளுக்குள் இரும்பு இல்லை. ஆகவே காந்தம் இரும்பைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கும் தொல்லையும் இல்லை, மெல்லிய காற்றிலேயே சுழலத் தொடங்கிவிடுகிறது.

இறக்கைகளின் எண்ணிக்கை குறித்து எனக்கு முதலில் குழப்பம் இருந்தது. நிறைய இறக்கைகள் இருந்தால் நிறையக் காற்றைப் பிடிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் கட்டிய காற்றாலையில் 17 மீட்டர் விட்டத்தில் 144 மர இறக்கைகள் இருந்தன. ஆனால் அதன் ஜெனரேட்டர் 12 கிலோவாட்தான். சில ஆண்டுகளில் டென்மார்க்கின் அஸ்கோவ் ஊரில் பால் லா கூர் செய்த சோதனைகள், மின்னாக்கத்துக்கு விரைந்து சுழலும் சில இறக்கைகளே சிறந்தவை என்று காட்டின. நெருங்கிய இறக்கைகள் நீர் இறைக்கத் தேவையான முறுக்குவிசையைத் தரும். மின்சாரத்துக்கு வேண்டியது வேகம். இரண்டு இறக்கை போதும் என்றாலும், காற்றுத் திசை மாறித் தலைப்பகுதி திரும்பும்போது இரண்டு இறக்கைச் சுழலி உதறும். எனவே மூன்று.

முடிச்சில்லாத, இழை நேராக ஓடும், நன்கு உலர்ந்த பலகைகளைத் தேடுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. அடிப்பகுதியில் சாய்வு அதிகமாகவும் முனையில் மூன்று நான்கு பாகையாகவும் குறையும்படி, பலகையின் இரு பக்கங்களிலும் கோடுகள் வரைந்து, இழைப்புளியாலும் உளியாலும் கோடுவரை இறக்கினேன். காற்றை எதிர்கொள்ளும் முகம் தட்டையாக இருந்தால் போதும், பின்முகத்தில்தான் வளைவு. முன் விளிம்பு உருண்டும் பின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு அருகில் மெலிந்தும் இருக்க வேண்டும். என் முதல் இறக்கையின் பின் விளிம்பு 4 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. சுழன்றபோது அது எழுப்பிய இரைச்சலே வீணாகும் ஆற்றலைப் பறைசாற்றியது.

சமநிலைப்படுத்துவதில் நான் செலவிட்ட நேரத்தை ஒருபோதும் வீண் என்று எண்ணியதில்லை. மூன்று இறக்கைகளின் எடையும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது; எடை எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றையும் நடுத்தட்டில் பூட்டி, முனைக்கு முனை உள்ள தூரங்கள் மூன்றும் 2 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கும்படி சரிசெய்து, நடு மையத்தை ஒரு கூர்முனையில் நிறுத்தினேன். எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அதன் எதிர்ப்பக்கத்து இறக்கைகளின் அடியில் ஈயத் துண்டுகளைத் திருகினேன். வண்ணம் பூசிய பிறகு மீண்டும் சோதித்தபோது சமநிலை மாறியிருந்தது. எனவே கடைசிப் பூச்சுக்குப் பின் ஒருமுறை சோதிப்பது கட்டாயம். மரத்தில் ஈரம் ஏறினாலும் இது மாறும் என்பதால் திருகாணித் துளைகளுக்குள்ளும் எண்ணெய்ப் பூச்சு இறங்க வேண்டும்.

காந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். 46 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு நியோடிமியம் காந்தம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அவற்றில் இரண்டு ஒன்றையொன்று கண்டுகொண்டால் இடையில் இருக்கும் விரலைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை. என் இடது கை மோதிரவிரலின் நகம் அப்படித்தான் போயிற்று. தட்டுக்கு எட்டாக, இரண்டு தட்டுகளுக்குப் பதினாறு காந்தங்கள். வேலை நடக்கும் மேசையில் இரும்புக் கருவி எதுவும் இருக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு காந்தம் மட்டுமே வெளியே இருக்க வேண்டும், இடம் குறிக்கும் மரச்சட்டம் ஒன்றை முன்பே செய்து வைத்திருக்க வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்கள் இவற்றின் அருகே வரவே கூடாது. இரண்டு தட்டுகளையும் ஒன்றையொன்று நோக்கிக் கையால் இறக்க முயல வேண்டாம்; மூன்று நீண்ட திருகாணிகளை ஊன்றி, ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத் தளர்த்தித்தான் மேல்தட்டை இறக்க வேண்டும்.

காந்தங்கள் வடக்கு, தெற்கு என மாறி மாறி அமைய வேண்டும். ஒட்டுவதற்கு முன், கையில் இறுகப் பிடித்த ஒரு சோதனைக் காந்தத்தை ஒவ்வொன்றின் மேலும் கொண்டுசென்றால், ஒன்று இழுக்கும், அடுத்தது தள்ளும். பதினாறில் ஒன்றை நான் திருப்பி வைத்திருந்தது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. பசை காய்ந்த பிறகு தெரிந்திருந்தால் தட்டையே இழந்திருப்பேன்.

சுருள்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் 1.4 மில்லிமீட்டர் எனாமல் பூசிய தாமிரக் கம்பி 80 சுற்று. எதிரெதிரே உள்ள இரண்டு சுருள்கள் தொடராக இணைந்து ஒரு கட்டம் (ஃபேஸ்). அப்படி மூன்று கட்டங்கள். இணைத்து முடித்து, பிசின் ஊற்றும் முன்பே, தட்டுகளைத் தற்காலிகமாகப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு கட்டங்களில் மின்னழுத்தம் வந்தது. மூன்றாவதில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கம்பி எங்கும் அறுந்திருக்கவில்லை. ஒரு சுருளின் தொடக்க முனையையும் இறுதி முனையையும் மாற்றி இணைத்திருந்ததால், இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. சுருளைச் சுற்றும்போதே தொடக்க முனையில் வண்ண நூல் கட்டிவிடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். பிசினை வார்க்கும்போது கடினமாக்கும் திரவத்தைக் கூடுதலாகக் கலந்துவிடாதீர்கள். அது இறுகும்போது வெளிவிடும் வெப்பத்தில் வார்ப்பே விரிசல் காணும்.

வார்த்த பிறகு, கடைசல் இயந்திரத்தில் ஜெனரேட்டரைப் பூட்டி, அறிந்த வேகத்தில் சுழற்றிச் சோதித்தேன். குறைந்த வேகத்தில் வரும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் மிகக் குறைவு; நிமிடத்துக்கு 60 சுற்றில் நொடிக்கு நான்கே அதிர்வுகள். சாதாரண மல்டிமீட்டர் அதைச் சரியாகக் காட்டாமல் தத்தளிக்கும். டயோடுகளின் வழியே நேர்மின்னாக்கி, ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி அளந்தால் நிலையான எண் கிடைக்கிறது. 60 சுற்றில் 3.3 வோல்ட், 120-இல் 7.7, 180-இல் 12.1. இந்த மூன்று எண்களைக் கோடாக வரைந்தபோது அது நேராக இருந்தது. திட்டமிட்ட 190 சுற்றில் பேட்டரியை எட்டும் என்று அந்தக் கோடு சொன்னது. முதல் இயந்திரத்தில் நான் செய்யத் தவறிய சோதனை இதுதான். கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு ஜெனரேட்டரைப் பற்றி அறியவேண்டியதில் பெரும்பகுதியை மேசையிலேயே அறிந்துவிடலாம்.

ஆனால் நான் அந்த 190-ஐ உடனே எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் காந்தத்துக்கும் வார்ப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் மட்டுமே விட்டிருந்தேன். இடைவெளி குறைந்தால் காந்தப்புலம் வலுக்கும், புலம் வலுத்தால் மின்சாரம் கூடும் என்ற எண்ணம். அப்போது 160 சுற்றிலேயே பேட்டரிக்கு மின்சாரம் போகத் தொடங்கியது. மகிழ்ச்சியோடு கம்பத்தில் ஏற்றினேன். மெல்லிய காற்றில் நன்றாகவே இருந்தது. காற்று வலுத்தபோதோ இறக்கைகள் திணறின. ஜெனரேட்டர் அவற்றை மிகையாகப் பிடித்து நிறுத்தியதால் அவை தமக்கு உரிய வேகத்தை எட்டவே முடியாமல், காற்றைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டிருந்தன. கம்பத்தைச் சாய்த்து, வளையத் தகடுகளைச் செருகி இடைவெளியை இருபுறமும் கூட்டியபோது, தொடக்க வேகம் 190 சுற்றாக உயர்ந்தது, காந்தப்புலம் குறைந்தது, ஆனால் நடுத்தரக் காற்றில் கிடைத்த மின்சாரம் கூடியது. மேசைமேல் பார்த்த அந்த மூன்று எண்கள் இந்த மாற்றத்துக்குப் பிந்தையவை. ஜெனரேட்டரை வலுவாக்குவது எப்போதும் ஆதாயம் அல்ல, அது இறக்கைக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

புயலில் தன்னைக் காத்துக்கொள்ள, சுழலியை அதன் திருப்பு அச்சிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தி, சுழலியைக் காற்றை நோக்கித் திருப்பிவைக்கும் வாலைச் சாய்ந்த கீல் ஒன்றில் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று வலுக்கும்போது அதன் அழுத்தம் சுழலியைப் பக்கம் திருப்புகிறது; வால் மேலேறி மடிகிறது; காற்று தணிந்ததும் வாலின் சொந்த எடையே அதைப் பழைய நிலைக்கு இறக்கிவிடுகிறது. முதல் வாலைத் தடித்த பலகையில் செய்துவிட்டதால் அது நொடிக்கு 14 மீட்டரிலும் மடியவில்லை. அந்தச் சில மணிநேரத்தில் சுருள்கள் தொட முடியாத அளவுக்குச் சூடேறின. பலகையை மெலிதாக்கிய பிறகு 10 மீட்டருக்கு அருகில் மடியத் தொடங்குகிறது.

இனி, நான் எழுதவே தயங்கிய நிகழ்வு. காற்றுத் திசை மாறும்போது தலைப்பகுதி திரும்பித் திரும்பி, கம்பத்துக்குள் தொங்கும் மின்கம்பி முறுக்கேறும். பெரிய இயந்திரங்களில், சுழன்றபடியே மின்சாரத்தைக் கடத்தும் வழுக்கு வளையம் வைப்பார்கள். சிறியதற்கு அது தேவையில்லை, கம்பத்தின் அடியில் ஒரு பிளக்கை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி முறுக்கை அவிழ்த்தால் போதும். நானும் அப்படியே வைத்தேன். மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துச் சுழலியை நிறுத்தும் தடை சுவிட்சை, வசதிக்காகப் பேட்டரி அறையில் பொருத்தினேன். ஒரு காற்று மிகுந்த மாலையில் அந்தப் பிளக் அதிர்வில் நழுவியது. மின்சுமை அற்றுப்போன சுழலி கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தது. தடை சுவிட்சை அழுத்தினேன். பிளக்குக்கு இந்தப் பக்கம் இருந்த சுவிட்சால் எந்தப் பயனும் இல்லை. இறக்கையின் ஓசை சீழ்க்கையாக மாறி, பின் கம்பமே முனகத் தொடங்கியது.

அருகில் இருந்தவர்களை எல்லாம் அகற்றிவிட்டு, சுவருக்குப் பின்னால் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஓர் இறக்கையின் எடை 800 கிராம். நிமிடத்துக்கு 320 சுற்றில் அதன் அடியை இழுக்கும் விசை ஏறத்தாழ 32 கிலோகிராம் எடைக்கு ஈடு. 1,000 சுற்றில் அது 300 கிலோகிராமைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட ஒன்றின் சுழல்தளத்தில் நின்றுகொண்டு பிளக்கைச் செருக முயல்வது மடமை. அது மட்டுமன்று, 12 வோல்ட் என்று நாம் பழகிய அதே கம்பிகளில் அப்போது 70 வோல்ட் அளவுக்கு இருந்திருக்கும். காற்று ஓய்ந்து சுழலி மெதுவான பிறகே நெருங்கினேன். கம்பத்தை இறக்கிப் பார்த்தபோது ஓர் இறக்கையின் அடியில், போல்ட் துளையிலிருந்து விரல்நீள விரிசல் ஒன்று ஓடியிருந்தது.

அந்த மாலைக்குப் பிறகு செய்த மாற்றங்களை, கட்டும்போதே செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தடை சுவிட்சு கம்பத்தின் அடியில், வேறு எந்த இணைப்புக்கும் முன்பாக, இயந்திரத்தின் பக்கம் இருக்க வேண்டும். பிளக்குக்குப் பதில் போல்ட்டால் இறுக்கும் முனைகள் வேண்டும். பேட்டரி நிறைந்ததும் சூரியத் தகடுக்கான கட்டுப்படுத்தி செய்வதுபோல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மிகுதி மின்சாரத்தைச் சூடேற்றும் மின்தடைக்குத் திருப்பிவிடும் கட்டுப்படுத்தியே காற்றாலைக்கு ஏற்றது. பேட்டரியின் முனைக்கு மிக அருகில் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். தடை சுவிட்சும் எல்லையற்றதல்ல. பலத்த காற்றில் முழுவேகத்தில் இருக்கும்போது அழுத்தினால் சுழலி நிற்காமல் சுருள் எரியக்கூடும். எனவே காற்று எழும் முன்பே, அல்லது ஓர் ஓய்வு கிடைக்கும்போது அழுத்த வேண்டும். விரிசல் கண்ட இறக்கையை ஒட்டிப் பயன்படுத்த எண்ணாதீர்கள். நான் மூன்றையும் புதிதாகச் செதுக்கினேன்.

கம்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: நான்கு பக்கமும் இழுகம்பி கட்டிய, அடியில் கீல் உள்ள, சாய்த்து இறக்கக்கூடிய கம்பத்தைத் தவிர வேறு எதையும் வீட்டில் கட்டுவோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏறி வேலை செய்யவேண்டிய கம்பத்தில் பராமரிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இழுகம்பியை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்கள் அதிர்வில் தாமே அவிழும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கம்பியைக் கோத்து முடிந்துவிட வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

இயந்திரம் உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளக்கத் தொடங்கியபோது இன்னொரு பாடம் காத்திருந்தது. காற்றுவேகமானியை வசதிக்காக அதே கம்பத்தில், சுழலிக்குச் சற்றுக் கீழே பொருத்தியிருந்தேன். முதல் வாரப் பதிவில் நொடிக்கு 3.6 மீட்டர் காற்றில் 48 வாட் என்று வந்தது. கணக்கிட்டால் 66 விழுக்காடு. பெட்ஸ் வகுத்த எல்லையையே அது தாண்டியதால் பிழை அளவீட்டில்தான் என்பது தெளிவாயிற்று. சுழலி தளர்த்திவிட்ட காற்றையே வேகமானி அளந்துகொண்டிருந்தது. தனிக் கம்பம் ஒன்றை, இறக்கை விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது நான்கரை மீட்டர் தள்ளி நட்டு, சுழலியின் உயரத்திலேயே வேகமானியை வைத்தேன். ஒவ்வொரு நொடியும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் காற்று வேகமும் பதிவாகும். அவற்றை ஒரு நிமிடச் சராசரிகளாக்கி, காற்று வேகத்தை அரை மீட்டர் இடைவெளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி காண்பேன். சிறு காற்றாலைகளுக்கான சர்வதேச அளவீட்டு முறையும் இதே போன்றதுதான்.

அப்படிக் கிடைத்த எண்கள்: நொடிக்கு 4 மீட்டரில் 22 வாட், 5-இல் 48, 6-இல் 75, 7-இல் 105, 8-இல் 140, 10-இல் 200. நடுத்தரக் காற்றில் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு பேட்டரியை அடைகிறது. வலுத்த காற்றில் அந்தப் பங்கு குறைந்துகொண்டே போகிறது. காரணம் சுருளின் மின்தடைதான். ஒரு கட்டத்தின் தடை 0.38 ஓம், மின்னோட்டம் எந்நேரமும் இரண்டு கட்டங்களின் வழியே செல்வதால் 0.76 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 76 வாட் சுருளில் வெப்பமாகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் அந்த இழப்பு நான்கு மடங்கு. கம்பத்திலிருந்து அறைவரை ஓடும் 30 மீட்டர் கம்பியிலும் இதே கதை. 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட்டைத் தேர்ந்திருந்தால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் பாதியாகவும் கம்பியின் இழப்பு நான்கில் ஒன்றாகவும் இருந்திருக்கும். கையில் 12 வோல்ட் பேட்டரி இருந்தது என்பதற்காக 12 வோல்ட்டைத் தேர்ந்தது, மோட்டாரிலிருந்து தொடங்கிய அதே பழைய தவறின் இன்னொரு வடிவம்.

பதினோரு மாதப் பதிவில் மொத்தம் 290 யூனிட் மின்சாரம் சேர்ந்திருக்கிறது. மாதத்துக்கு 26 யூனிட் அளவு. நல்ல வெயில் விழும் இடத்தில் 300 வாட் சூரியத் தகடு ஒன்று, அசையும் பாகம் எதுவும் இல்லாமல், பேரிங் தேய்மானம் இல்லாமல், ஏறத்தாழ இதைவிடக் கூடுதலாகவே தந்துவிடும். மின்சாரம் மட்டுமே நோக்கமென்றால் தகடே போதும் என்று கேட்பவர்களிடம் தயங்காமல் சொல்கிறேன். எனினும், மேகம் கவிந்து மழை பெய்த ஒன்பது நாட்களில் தகட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காதபோது, இரவும் பகலும் பேட்டரியைக் காத்தது இந்தக் காற்றாலைதான். இரண்டும் சேர்ந்திருக்கும் அமைப்பில் சிறு காற்றாலைக்கு உரிய இடம் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பத்தை இறக்குகிறேன். சென்ற முறை முன்பக்கப் பேரிங்கில் சிறு கரகரப்பு இருந்தது, மாற்றினேன். இறக்கைகளின் முன் விளிம்பு, முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, மழைத்துளிகளின் அடியில் வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது. அங்கே தடித்த ஒட்டுப்படலம் ஒன்றைச் சுற்றியிருக்கிறேன். ஒரு காந்தத்தின் ஓரத்தில் துருப்புள்ளி தென்படுகிறது. பிசின் பூச்சின் கீழ் ஈரம் புகுந்திருக்கிறது, அது பரவினால் காந்தம் உப்பி வார்ப்பில் உரசும். 24 வோல்ட்டுக்கான புதிய சுருள்கள், மெல்லிய கம்பியில் 160 சுற்று வீதம், மேசையில் பாதி சுற்றி முடிந்த நிலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்க முனையிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.